இன்னும் ஆகல

லாங்கு பஜார் சந்தில் எட்டுக்கு ஐந்தடி கடை.
நான், உதவிக்கு இம்தியாஸ்,
வாடிக்கையாளருக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்.
உடைந்த திரையை மாற்ற நாற்பது நிமிடம்.
அந்த நாற்பது நிமிடத்தில் மனிதர்கள் என்ன ஆகிறார்கள் என்பதைப்
பதினோரு வருடமாகப் பார்க்கிறேன்.

முதலில் கை சட்டைப்பையைத் தொடும்.
அங்கே இல்லை என்று தெரிந்தும் பேன்ட்டைத் தொடும்.
பிறகு என் சுவர்க் காலண்டரைப் படிப்பார்கள்,
ராகு காலம், எமகண்டம்,
அடியில் அச்சகத்தின் முகவரி வரை.
"ஆச்சாண்ணா?"
நான் இன்னும் ஸ்க்ரூகூடக் கழற்றியிருக்க மாட்டேன்.

விடுதிப் பையன் ஒருவன்
தொடைமேல் கட்டைவிரலைத் தள்ளிக்கொண்டே இருந்தான்.
ஜீன்ஸ் துணியில் என்ன வரும்?
அடுத்தது வரும் என்று தள்ளினான்.

யுவராணி வந்தது அக்னி நட்சத்திரத்தில்.
ஆஸ்பத்திரியில் இரவு ஆயா. கழுத்தில் பட்டை,
கண் இரண்டும் மிளகாய் அரைத்த மாதிரி.
திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "நல்லாத்தானம்மா இருக்குது?"
"இருக்குது. சனிக்கிழமை வரைக்கும்
இன்னும் ஆகலன்னு சொல்லுங்க.
நானே வந்து கேட்டாலும்."

அவசரத்துக்குப் பட்டன் போன் வைத்திருந்தாள்.
மறுநாள் வந்தாள். ஆகல என்றேன், சிரித்தாள்.
மூன்றாம் நாள், "அது என் போனுண்ணா" என்று கத்தினாள்.
சந்தே திரும்பிப் பார்த்தது.
நான்காம் நாள் வரவில்லை.
சனிக்கிழமை வாங்கிப் படியிலேயே நின்று திறந்தாள்.
"முந்நூத்திப் பன்னெண்டு வந்திருக்குது.
எனக்குன்னு எழுதினது ரெண்டு."
பகலில் ஆறு மணி நேரம் தூங்கினாளாம்.
கனவுகூட வந்ததாம். என்ன கனவு என்று நான் கேட்கவில்லை.

அவள் யாரிடமோ சொல்ல, அவர்கள் யாரிடமோ சொல்ல,
உடையாத போன்கள் வர ஆரம்பித்தன.
ஒரு பிஸ்கட் டின் ஒதுக்கினேன், டோக்கன் எழுதினேன்.
மாலையில் டின் வண்டு அடைத்த மாதிரி உறுமும்.

துளசிங்கம் காட்பாடியில் கூட்ஸ் கார்டு.
ஆன்லைன் ரம்மியில் போனது
ஒரு ஜோடி வளையல், சொசைட்டி லோன்,
மகளுக்குக் கட்ட வேண்டிய பீஸில் பாதி.
சம்பளம் ஏறும் தேதியிலிருந்து ஐந்து நாள்
போன் என்னிடம். நாளுக்குப் பத்து ரூபாய்.
ஆடி மாதம் ஒரு ராத்திரி
காகிதப்பட்டறையில் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டார், கேட்டை ஆட்டினார்.
விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றேன்.
கடைசி இரண்டாம் நம்பர் பஸ் போகும் வரை
அவர் வெளியே, நான் உள்ளே.
ஆறாம் நாள் ஐம்பது ரூபாய் எண்ணி வைத்தார்.
இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இதில் நான் என்ன யோக்கியன்?
ஹேமாவதி கேட்டாள்:
"பகல்லாம் போன் ரிப்பேர் பண்ற,
ராத்திரி ரெண்டு மணி வரைக்கும்
எவனோ ரிப்பேர் பண்றத பாக்குற."
கண் டாக்டர், அடிக்கடி தூரத்தைப் பார் என்றார்.
என் கடையிலிருந்து தூரம் என்பது
எதிர்ப் பாத்திரக்கடை.
அதன் கூரைக்கு மேலே ஒரு முழம் மலை இருப்பதைப்
போன மாதம்தான் கண்டுபிடித்தேன்.

புதன்கிழமை, டோக்கன் இருபத்து நான்கில்
என் பெயரை எழுதினேன்.
டின்னை மூடி இம்தியாஸிடம் தள்ளிவிட்டு
மார்க்கெட்டுக்கு நடந்தேன்.
இலவம்பாடி முள்ளுக் கத்தரி அரைக் கிலோ.
காசை மனத்தில் கூட்டினேன், தப்பாக வந்தது.
கடைக்காரம்மா திருத்தினாள்.
காம்பு முள் விரலில் ஏறியது.
அதைக்கூடப் படம் எடுக்கக் கை
பையைத் தேடிப் போய், வெறுமனே திரும்பியது.

முப்பது நிமிடம்கூட ஆகியிருக்காது.
"இம்தியாஸ், ஆச்சாப்பா?"
கண்ணில் லென்ஸோடு தலை நிமிராமல் சொன்னான்:
"இன்னும் ஆகலண்ணா."

ஸ்டூலில் உட்கார்ந்தேன்.
எமகண்டம் ஏழரையிலிருந்து ஒன்பது.
அச்சகம் தோட்டப்பாளையத்தில் இருக்கிறது.